மூன்றாம் நம்பர் பாட்டு

நவம்பர் 18, திங்கள்

ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரர் நான் வேலை பார்க்கிற மருந்துக் கடைக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒரு மாத்திரை விளம்பரம். இன்றைய பக்கத்தில் வாயுத் தொல்லைக்கு. பத்து மாதமாக அரிசி டின்னுக்கு மேலே சும்மா கிடந்ததை இன்று தூசி தட்டி எடுத்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கே வாயுத் தொல்லை வந்துவிடும்.

விஷயம் இதுதான். கிறிஸ்மஸ் ஆராதனையில் அந்தத் தாலாட்டுக் கீர்த்தனையைத் தனியாகப் பாடப்போவது யார் என்று எங்கள் கோயிலில் வருஷா வருஷம் சண்டை நடக்கும். சண்டையெல்லாம் முடிந்த பிறகு டெய்சி மைனிதான் பாடுவாள். போன வருஷம் ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு சபைக்கே போய்விட்டது. அதனால் பாடகர் குழுவை நடத்துகிற சாம் சார் நேற்று புதுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். ஆசைப்படுகிறவர்கள் வீட்டிலேயே பாடி, செல்போனில் பதிவு செய்து, அவர் மகளுக்கு அனுப்ப வேண்டும். அவள் பேரை மறைத்து நம்பர் மட்டும் போடுவாள். டிசம்பர் 13 அன்று குழுவினர் எல்லோருக்கும் முன்னால் போட்டுக் கேட்டு, யாரென்று தெரியாமலே தேர்ந்தெடுப்பார்கள். வாத்தியம் அவரவர் இஷ்டம்.

எனக்கு அந்தப் பாட்டுமேல் ஒரு ஆசையும் கிடையாது. மகள் ஷைனி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன கிட்டார் சும்மா கிடக்கிறதே என்றுதான் பெயர் கொடுத்தேன். மூன்று வருஷமாக அதைத் தட்டித் தட்டி ஓரளவு வாசிக்கக் கற்றுக்கொண்டேன். இவருக்குக்கூட அவ்வளவாகத் தெரியாது.

டெய்சி மைனி இவருடைய அக்கா. மாமா வீட்டை நடுவில் பிரித்து மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடித்தனம். நடுவில் ஒரு கதவு உண்டு. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். நேரில் மைனிக்கு 'வாங்க, போங்க'தான். டைரியில் அவள், இவள் என்றுதான் எழுதப் போகிறேன். இந்தச் சுதந்திரமும் இல்லையென்றால் டைரி எதற்கு.

நவம்பர் 19, செவ்வாய்

கடை விட்டு வந்ததும் முதல் பதிவு. செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடினேன். பாடும்போது நானே உருகிப்போனேன்.

பிறகு போட்டுக் கேட்டேன். ஜலதோஷம் பிடித்த எவளோ ஒருத்தி பாடுகிறாள். அவளுக்குப் பின்னால் தெருவில் உப்புக்காரர் 'உப்பே' என்கிறார். சுருதி அவரிடம்தான் சரியாக இருக்கிறது.

நவம்பர் 20, புதன்

ஃப்ரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நவம்பர் 21, வியாழன்

நேற்று பாடுவதற்காக ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். மறுபடி போட மறந்துவிட்டேன். காலையில் போனால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வாங்கிவைத்த சீலா மீன் கதவைத் திறக்கும் முன்னாலேயே வணக்கம் சொல்லிற்று. தெருக்கோடிப் பூனைகளுக்கு இன்று கிறிஸ்மஸ்.

இவர் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

கோயிலுக்கு மைனி கழுத்து மூடின ஜாக்கெட்டும் அதற்குமேல் மூன்று சரம் முத்துமாலையுமாக வந்தாள். செப்டம்பரில் மகளுக்கு உதவி என்று பெங்களூருக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து இதே நாகரிகம்தான். இந்தப் புழுக்கத்தில் யாராவது அப்படிப் போடுவார்களா? பெங்களூர் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

பேச்சும் குறைந்துவிட்டது. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள். வாசலில் நின்று நான் கூப்பிட்டால் பதிலுக்குச் செல்போனில் ஒரு பொம்மை படம் வருகிறது. பாடகர் வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். வாய் அசைகிறது, குரல் என் காதுக்கு எட்டவே இல்லை. போட்டிக்காகக் குரலைச் சேமிக்கிறாள். தெரியாதா எனக்கு? கெட்டிக்காரி.

நவம்பர் 27, புதன்

இன்று வயிறெரிந்துபோனேன். மைனி வீட்டுக்காரர் ஜெயசீலன் அண்ணாச்சி எங்கள் கடைக்கு எதிர்த்த மருந்துக் கடையில் நின்று மாத்திரை வாங்குகிறார். நான் கவுண்டரில் நிற்பதைப் பார்த்ததும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குத் தலைவலித் தைலம் முதற்கொண்டு நான்தான் எடுத்துக்கொடுக்கிறேன். ஒரு பாட்டுப் போட்டிக்காக மருந்து வாங்குவதையே நிறுத்துவார்களா? நான் என்ன, இருமல் மருந்தில் விஷத்தையா கலக்கப் போகிறேன்?

நவம்பர் 30, சனி

ஷைனியிடம் போனில் யோசனை கேட்டேன். தெருப்பக்கம் உட்காராதே அம்மா, உள் அறை மூலைக்குப் போ, சுற்றி மெத்தை, தலையணை, துணி எல்லாம் வை, எதிரொலி வராது என்றாள். உள் அறை மூலை என்றால் மைனி வீட்டுக் கதவை ஒட்டித்தான். போகட்டும், எதிரிக்கும் கேட்கட்டுமே.

பரணிலிருந்து மாமா காலத்து இலவம்பஞ்சு மெத்தையை இறக்கி ஜன்னலில் சாத்தினேன். கொடியில் என் பட்டுச்சேலை அத்தனையையும் தொங்கவிட்டேன். நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் சேலைக்கடையில் திருட வந்தவள் மாதிரி இருக்கிறது. ஆனால் குரல், அடேயப்பா, வேறு யாரோ பாடுவது போல் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

மெத்தையிலிருந்து பஞ்சுத் தூசி பறக்கிறது. இவர் ராத்திரிச் சாப்பாடு முழுவதும் தும்மிக்கொண்டே இருந்தார். இவர் தும்மல் ஊர் அறிந்தது. மூன்று தும்மல், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு 'ஏசப்பா'.

டிசம்பர் 1, ஞாயிறு

மைனி பக்கமிருந்து பயிற்சிச் சத்தமே இல்லை. தொண்டை கட்டிவிட்டதோ என்று ஒரு தூக்குவாளியில் மிளகு ரசம் கொடுத்துவிட்டேன். பாசம் எல்லாம் ஒன்றுமில்லை. ஜெயிப்பது என்றால் எதிரி முழுசாக இருக்கும்போது ஜெயிக்க வேண்டும்.

வெறும் வாளியைத் திருப்பித் தரக் கூடாது என்று அதில் ஒரு பிடி சீனி போட்டு அனுப்பியிருக்கிறாள். பேச மட்டும் மாட்டாளாம்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கடையில் நாள் முழுக்க நின்று கால் வலி. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, அது வேகும்வரை ஒருதரம் பாடிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது, அதையும் சட்டை செய்யவில்லை. மூன்றாவது சரணத்தில் ஒரு ஏற்றம் உண்டு. எப்போதும் அங்கே போகும்போது எனக்கு மூச்சு முட்டும். இன்று மாடிப்படி ஏறுவதுபோல் ஏறி, மேலே நின்று, நிதானமாக இறங்கினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து இவர் வேலை விட்டு வந்து, உள் அறைக்குள் தலையை நீட்டி, தும்மினார். ஏசப்பா. மறுபடி தும்மினார். ஏசப்பா. நான் கை எடுத்துக் கும்பிட்டேன். மூன்றாவதையும் தும்மிவிட்டு, "நீ பாடு புள்ள" என்றார்.

ஆத்திரத்தில் அந்தப் பதிவையே அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான், ஒருதரம் கேட்டுவிட்டாவது அழித்திருக்கலாமே என்று தோன்றியது. சோறும் அடிப்பிடித்துவிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

அதேபோல் வரமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பதிவை அனுப்ப இன்றுதான் கடைசி நாள். இவரை வண்ணார்பேட்டைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாசல் கதவைப் பூட்டி, மதியம் முழுக்கப் பாடினேன். ஒன்றில் சொல் பிசகும், ஒன்றில் விரல் வழுக்கிக் கம்பி கிரீச்சென்னும். கடைசியில் பிழையே இல்லாத ஒன்று கிடைத்தது. அதில் பிழையும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் ஒப்பித்தது மாதிரி. அதைத்தான் அனுப்பினேன்.

ஜெயிக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சும்மாதானே பெயர் கொடுத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

கோயில் ஹாலில் எல்லோரும் கூடினோம். நடுவர்கள் மூன்று பேர்: எங்கள் குருவானவர் ஐயர், சாம் சார், பிறகு பொன்னையா வாத்தியார். வாத்தியாருக்குக் காதில் மிஷின். மைனி கடைசி வரிசையில் முத்துமாலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் முன்வரிசை.

முதல் இரண்டும் சுமார். மூன்றாம் நம்பர் என்று போட்டார்கள். கிட்டார் சத்தம் வந்தது. எனக்கு ஆச்சரியம், குழுவில் என்னை விட்டால் கிட்டார் வாசிக்கிறவர் யார்? பிறகு குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக, ஆனால் அப்படி ஒரு நிதானம். மூன்றாவது சரணத்தில் ஏறி, நின்று, இறங்கியபோது எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

இறங்கி முடித்ததும் அடியில் மிகவும் மெதுவாக ஒரு தும்மல். ஏசப்பா. இன்னொரு தும்மல். ஏசப்பா.

அது என் பாட்டு. நான் அழித்த பாட்டு. அந்தத் தும்மல் என் புருஷனுடையது. பாளையங்கோட்டையில் அந்தத் தும்மலை வேறு யாரும் தும்ம முடியாது. நான் திரும்பிப் பார்த்தேன். மைனி தலையைக் குனிந்து முத்துமாலையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நம்பராக நான் அனுப்பினது வந்தது. சுத்தமாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் இறுக்கம் என்றார் சாம் சார். மூன்றாம் நம்பரைப் பற்றி வாத்தியார் சொன்னது, பெத்லகேமிலிருந்தே காற்றில் வந்ததுபோல் இருக்கிறதாம். சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும். தும்மல் எதுவும் அவருடைய மிஷினுக்கு எட்டவில்லை. ஐயருக்கு எட்டியிருக்கிறது. ஆட்டிடையர்கள் குளிரில் நின்றது நினைவுக்கு வந்ததாம் அவருக்கு.

மூன்றாம் நம்பருக்குத்தான் முதல் இடம். ஏழுக்கு மூன்றாம் இடம். சாம் சார் மகள் ஏழுக்கு என் பெயரை வாசித்துவிட்டு, மூன்றுக்கு வாசித்தாள்: டெய்சி ஜெயசீலன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன், உண்மையை உடைத்துவிடுவோம் என்று. அதற்குள் ஐயர் என்னைப் பார்த்துக் கை தட்டத் தொடங்கிவிட்டார். ஏழிலும் மூன்றிலும் ஒரே கிட்டார்தானே, தானும் போட்டியில் இருந்துகொண்டு, மைனிக்காகக் கிட்டார் வாசித்துக் கொடுத்திருக்கிறாளே, இந்த மனம் யாருக்கு வரும் என்றார். பைபிளில் வருகிற ரூத்தும் அவள் மாமியார் நகோமியும் மாதிரி, பிரியாதவர்களாம் நாங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்லப் போகிறாராம். கிறிஸ்மஸ் அன்றும் நானே மைனிக்கு வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

எழுந்து நின்றவள் என்ன செய்வேன்? கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

டிசம்பர் 14, சனி

காலையில் இவரிடம் சொன்னேன். என் தும்மலா, இருக்கவே இருக்காது என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே தும்மினார். அக்காவைக் கேட்க என்னால் ஆகாது, நீயே போய்க் கேள் என்று வேலைக்குப் போய்விட்டார்.

போனேன். வழியெல்லாம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வழி என்றால் வாசலுக்கும் வாசலுக்கும் நடுவே நாலு செம்பருத்திச் செடிதான். மைனி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முத்துமாலை இல்லை. கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல்.

எல்லாம் மறந்துபோயிற்று எனக்கு. மருந்துக் கடையில் இருபது வருஷமாக நிற்கிறேன். அந்தத் தழும்பு என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. தைராய்டு ஆபரேஷன். பெங்களூர், குடை, எதிர்த்த கடை, பொம்மை படம் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மைனி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். அவள் பேசி மூன்று மாதமாகிறது. கனத்துப்போய், கட்டையாய், நடுவில் உடைகிற குரல். பேச இந்தக் குரல் போதும், பாட்டுக்குப் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பாடலைன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. காரணத்தைச் சொன்னா 'ஐயோ பாவம்'பாங்க. கோயிலுக்குள்ள நுழையும்போதெல்லாம் அந்த வார்த்தையைக் கேக்க என்னால ஆகாது ஹெப்சி. அதுக்குப் பதிலா, போட்டில தோத்துட்டான்னு சொல்லிட்டுப் போகட்டும்னுதான், கதவு வழியா மங்கலாக் கேட்டதைப் புடிச்சு அனுப்பினேன்."

எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"அப்போ தோக்கணும்னா என் பாட்டை அனுப்புனீங்க?"

மைனி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பாவி, சிரிக்கிறாள். திருடினதைக்கூட மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க முடியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன், பிறகு இருவரும் சேர்ந்து கொஞ்சம் அழுதோம். வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

பிரசங்கத்தில் ஐயர் எங்களை ரூத், நகோமி என்று சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். நின்றோம். மைனி என் கையைக் கிள்ளினாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

நடுக்கதவைத் திறந்துவிட்டோம். என் பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவில்லை. இவர்தான் தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டிக் கழற்றினார்.

தனக்குக் காய்ச்சல் என்று ஐயரிடம் சொல்லிவிடலாம் என்று மைனி ஆரம்பித்தாள். கிறிஸ்மஸ் அன்று காய்ச்சல் என்றால் ஐயர் வீட்டுக்கே ஜெபம் பண்ண வருவார், கூட ஊரே வரும், அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்துவிடும் என்றேன். எனக்கு ஒரு யோசனை. கிட்டாரில் கம்பியை அழுத்திப் பிடிக்கிற கிளிப் ஒன்று உண்டு. அதை மேலே நகர்த்தினால் சுருதி ஏறும், கழற்றிவிட்டால் இறங்கும். கோயில் ஆர்கனில் ஆண்டாண்டு காலமாக ஒரே சுருதிதான். கிட்டாரில் மைனி குரலுக்குத் தக்கபடி இறக்கலாமே.

கிளிப்பைக் கழற்றி, அடியிலிருந்து வாசித்தேன். மைனி முதல் சரணத்தைப் பாடினாள். பழைய குரல் இல்லை. ஆனால் பாடத் தெரிந்தவள் பாடுகிறாள் என்பது தெரிகிறது.

டிசம்பர் 19, வியாழன்

முதல் சரணம் நன்றாக வருகிறது. இரண்டாவதன் பாதியில் குரல் காற்றாகப் போய்விடுகிறது. மூன்றாவதை நாங்கள் தொடவே இல்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று எழுதி வைக்கிறேன்.

எத்தனையோ நாள் நான் பாடினேனே, எதற்காக அந்த ஒன்றைப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். தோற்பதற்கு என்றால் நவம்பர் மாதத்தில் பாடினது எதுவும் போதுமே. மைனி சுக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீ அழிச்சுப்புடுவேன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

சரியாகவில்லை.

மைனியின் சேலைக்கு ஜாக்கெட் தைத்து வந்துவிட்டது, கழுத்து மூடினதுதான். கேக்குக்கு முட்டை அடித்தோம். இரண்டு பேரும் பாட்டைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. அவள் எல்லோர் முன்னாலும் நின்று, பாதியில் குரல் உடைந்து, அந்த வார்த்தையை எல்லோர் வாயிலிருந்தும் கேட்கப் போகிறாள். அதை நினைத்தால் எனக்கு மாவு பிசையக் கை ஓடவில்லை. பாட்டு எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது வாஸ்தவம்தான். இப்படி வேண்டும் என்று ஆசைப்படவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

ஒரு வழிதான் தோன்றுகிறது: அவள் திணறினால் நான் சத்தமாகக் கிட்டாரை அடித்து மறைத்துவிடுவது. மைனியிடம் சொன்னேன். "நீ கிளிப்பை மட்டும் மறக்காம எடுத்துட்டு வா" என்றாள். கிளிப் எதற்கு, கழற்றித்தானே வாசிக்கப் போகிறோம் என்று கேட்டேன். கேக்கைப் பார்க்கப் போய்விட்டாள்.

டிசம்பர் 25, புதன்

விடிவதற்கு முன்னேயே கோயில் நிரம்பிவிட்டது. வாசலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். சாம் சார் தாலாட்டுக் கீர்த்தனை என்று அறிவித்ததும் நானும் மைனியும் முன்னால் போனோம். நான் முக்காலியில் உட்கார்ந்து, கிளிப் இல்லாமல், இறங்கின சுருதியில் தொடங்கினேன். மைனி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"போட்டில நீங்க கேட்டது என் பாட்டில்ல. இந்தா இருக்கா, இவ பாட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் இவ பாடும்போது, இந்தப் பக்கம் ஒளிஞ்சு இருந்து போன்ல புடிச்சேன். இந்த வருசமும் நான்தான் ஜெயிக்கணும்னு ஆசை, திருடிட்டேன். ஐயர் எங்களை ரூத்து நகோமின்னு சொன்னாங்க. அதைக் கேட்ட பொறவு மனசு கேக்கல."

அவள் குரல் கனத்து உடைந்தது. வெட்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள், முன்வரிசையில் ஒருத்தி அப்படியே சொல்லவும் செய்தாள். மைனி தண்டனையையும் தானே அறிவித்துவிட்டாள். இனிமேல் மேல்குரல் வரிசையில் தனக்கு இடம் வேண்டாம், கீழ்க்குரல் பாடுகிறவர்களோடு கடைசி வரிசையில் நிற்கிறேன் என்றாள். அங்கேதான் அவளுடைய இப்போதைய குரலுக்கு இடம். அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கிட்டாரோ மைனி குரலுக்கு இறக்கி வைத்த சுருதியில் இருக்கிறது. பைக்குள் கையை விட்டுக் கிளிப்பைத் தேடி எடுத்து மாட்டினேன். முதல்முறை கோணலாக விழுந்தது. இரண்டாம் முறை சரியாக உட்கார்ந்தது. பாடினேன். சேலை மறைப்பு இல்லை, மெத்தை இல்லை, தப்பு வந்தால் அழிக்கவும் முடியாது. மூன்றாவது சரணம் எப்படிப் போயிற்று என்று எனக்கே நினைவில்லை. இறங்கி முடித்தபோது பொன்னையா வாத்தியார் காது மிஷினைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மைனியைச் சுற்றி ஒரே கூட்டம். ஏசுகிறார்கள். இந்த வயசில் திருட்டா என்கிறாள் ஒருத்தி. ஐயர் என்னுடைய பிரசங்கத்தையே வீணாக்கிவிட்டீர்களே என்கிறார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. வாத்தியாருக்கு அவள் கேக் கொடுக்கப் போனபோது, இது யார் வீட்டில் எடுத்தது என்று கேட்டார். மைனி முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. செப்டம்பருக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

சாம் சாருக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. நல்ல மனுஷன். என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க மைனி அப்படிப்பட்ட ஆள் இல்லையேம்மா. வேற எதுவும் காரணம் இருக்கா?" என்று கேட்டார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து மைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல சார். சரியான பொறாமைக்காரி. உங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்" என்றேன். நன்றாக அவளுக்குக் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்.

சாயங்காலம் வந்தவர்களிடமெல்லாம் நானே ஆரம்பித்து வைத்தேன். திருடி வீட்டுக் கேக் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். புருஷனின் அக்காவை இப்படியா பேசுவது என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும். மைனியை இனி நான் நாள் தவறாமல் ஏசியாக வேண்டும். நான் ஒருநாள் விட்டால், யாராவது அவளைப் பார்த்துப் பாவம் என்று சொல்லிவிடுவார்கள்.